வ.உ.சி.யின் கப்பல் எங்கே போயிற்று?

தூத்துக்குடிக் கடலில் ஒரு கப்பல் மிதந்தது.

அதன் பெயர் "காலியா".

பத்து லட்சம் ரூபாய் மூலதனம் போட்ட கம்பெனியின் கப்பல் அது. மிட்டாதாரரும் வியாபாரியும் சாதாரண மனிதரும் சேர்ந்து பணம் போட்டார்கள். 1907-ம் ஆண்டு அந்தக் கப்பல் வந்து நங்கூரம் பாய்ச்சியபோது ஊரே கடற்கரையில் திரண்டது.

ஐந்தாவது ஆண்டில் அந்தக் கப்பலைக் காணோம்!

புயல் அடிக்கவில்லை. பாறையில் மோதவில்லை. கடற்கொள்ளையர் வரவில்லை.

பிறகு கப்பல் எங்கே போயிற்று? அதைக் கொண்டுவந்த மனிதர் என்ன ஆனார்? அவர் செய்த குற்றம் என்ன?

அந்த மனிதர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை. நாடு போற்றும் வ.உ.சி.

முத்து விளையும் கடல்

தூத்துக்குடி என்றால் முத்து. பாண்டியர் காலம் தொட்டு அந்தக் கடலில் பரதவர்கள் முத்துக் குளித்தார்கள், சங்கு குளித்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்தில் இறங்குவார்கள். உயிரைப் பணயம் வைக்கும் தொழில் அது.

முத்து எடுப்பவன் தமிழன். ஆனால் முத்துச் சலாபத்தின் உரிமை சர்க்காருடையது.

கப்பல் வியாபாரமும் அப்படித்தான் இருந்தது.

ரெயில் வந்த பிறகு தூத்துக்குடித் துறைமுகம் பெருகிற்று. பஞ்சு ஏற்றுமதி ஆயிற்று. அரிசியும் கருவாடும் கொழும்புக்குப் போயின. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலை செய்யப் போகிற ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் இந்த வழியாகவே கப்பல் ஏறினார்கள். ஓர் இரவுப் பயணம். விடிந்தால் கொழும்பு.

துறைமுகத்தில் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளி ஆழ்கடலில் நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பார்கள்.

தோணி நம்முடையது. தோணி தள்ளுகிறவன் நம்மவன். தூரத்தில் நின்ற நீராவிக் கப்பல் மட்டும் வெள்ளைக்காரனுடையது.

அந்தக் கப்பலை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. இந்தியக் கடல் முழுவதிலும் அதற்குக் கப்பல்கள் இருந்தன. தூத்துக்குடியில் அதற்கு ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். ஊரில் இருந்த கோரல் நூல் ஆலையும் அதே ஹார்வி கம்பெனியாரின் பொறுப்பில்தான் இருந்தது.

கடலிலும் அவர்கள். கரையிலும் அவர்கள். அவர்கள் கேட்டதே கட்டணம்.

ஓட்டப்பிடாரத்து வக்கீல்

வ.உ.சி. பிறந்தது 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி. ஊர் ஓட்டப்பிடாரம். கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்.

தந்தை உலகநாத பிள்ளை, வக்கீல். தாய் பரமாயி அம்மாள்.

சிதம்பரம் ஓட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்தார். திருச்சியில் சட்டம் படித்தார். 1894-ல் பிளீடர் பரீட்சையில் தேறினார். மறு ஆண்டு சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார்.

தந்தைக்குச் சிவில் வழக்குகள். மகனுக்குக் கிரிமினல் வழக்குகள்.

ஏழைகள் வந்தால் பணம் கேட்க மாட்டார். போலீசார் பொய் வழக்குப் போட்டால் விட மாட்டார். கூண்டில் நிற்கும் போலீஸ்காரரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திணற அடிப்பார். ஊர்ப் போலீசாருக்கு அவர் மீது ஆத்திரம் வளர்ந்தது.

தந்தை பயந்தார். மகனை ஓட்டப்பிடாரத்தில் வைத்திருந்தால் ஆபத்து என்று எண்ணினார். 1900-ல் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் நன்றாக நடந்தது. கை நிறையப் பணம் வந்தது. முதல் மனைவி வள்ளியம்மாள் 1901-ல் இறந்தார். பிறகு மீனாட்சி அம்மாளை மணந்தார். வீட்டில் குறை ஒன்றும் இல்லை.

அப்படியே இருந்திருந்தால் பெரிய பணக்காரராகிக் கண்மூடியிருப்பார்.

1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார் கர்சான். நாடு கொதித்தது. அந்நியத் துணியைக் கொளுத்தினார்கள். சுதேசிப் பொருளையே வாங்குவது என்று மக்கள் சபதம் செய்தார்கள்.

சென்னைக்குப் போயிருந்த வ.உ.சி., ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த ராமகிருஷ்ணானந்த சுவாமியைச் சந்தித்தார். சுதேசியம் பற்றி அவர் சொன்னது வ.உ.சி.யின் மனதில் விதையாக விழுந்தது. பாரதியாருடன் நட்பும் ஏற்பட்டது.

தூத்துக்குடியில் நெசவுச் சாலையும் பண்டகசாலையும் ஏற்படுத்தினார் வ.உ.சி. அதோடு அவர் மனம் அடங்கவில்லை.

துணி நம்முடையதாக இருந்தால் போதுமா? அதை ஏற்றிச் செல்லும் கப்பலும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

வெள்ளைக்காரன் வந்தது கப்பலில். அவன் வியாபாரம் நடப்பதும் கப்பலில். கப்பலில் கைவைத்தால் அவன் அடிவயிற்றிலேயே கைவைத்தது போல. இதுதான் வ.உ.சி.யின் கணக்கு.

கம்பெனி பிறந்தது

1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி சட்டப்படி பதிவு ஆயிற்று.

மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள்.

ஒரு பவுன் 15 ரூபாய் விற்ற காலம். பத்து லட்சம் என்றால் மலைக்க வைக்கும் தொகை!

கம்பெனித் தலைவர் பாண்டித்துரைத் தேவர். பாலவநத்தம் ஜமீன்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய வள்ளல் இவரே.

ஹாஜி முகமது பக்கீர் சேட் 8 ஆயிரம் பங்குகளை வாங்கினார். இரண்டு லட்சம் ரூபாயை ஒருவரே தூக்கிக் கொடுத்தார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்.

ஜமீன்தார், முஸ்லிம் வியாபாரி, சேலத்து வக்கீல் எல்லோரும் ஒரே கம்பெனியில் சேர்ந்தார்கள்.

வ.உ.சி. ஏற்றுக்கொண்ட பதவி உதவிக் காரியதரிசி. பெயரில்தான் உதவி. பாரம் முழுவதும் அவர் தோளில்தான் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். பாரதியார் தம்முடைய "இந்தியா" பத்திரிகையில் கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார்.

வாடகைக் கப்பல் நின்றது

கம்பெனி இருந்தது. கப்பல் இல்லை.

முதலில் பம்பாய் ஷா லைன் கம்பெனியாரிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். கொழும்புக்குப் போக்குவரத்துத் தொடங்கிற்று.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? ஷா லைன் கம்பெனியை மிரட்டிற்று. வாடகைக் கப்பல் திடீரென்று நின்றுபோயிற்று.

டிக்கெட் வாங்கியவர்கள் கடற்கரையில் நின்றார்கள். மூட்டைகள் கிடங்கில் கிடந்தன. ஹார்வி கம்பெனியார் மகிழ்ந்தார்கள்.

வ.உ.சி. கலங்கவில்லை. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பேசிக் கொண்டுவந்தார். போக்குவரத்து நின்றுபோகாமல் காப்பாற்றினார்.

ஆனால் ஒன்று தெளிவாயிற்று. இரவல் கப்பலை நம்பினால் எந்த நிமிஷமும் கழுத்தறுபடலாம். சொந்தக் கப்பல் வேண்டும்.

வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவது, இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவது என்று நண்பர்களிடம் சபதம் செய்தார்.

அவர் புறப்பட்ட நேரத்தில் வீட்டில் மகன் உலகநாதன் நோயாய்க் கிடந்தான். மனைவி கர்ப்பிணி. போக வேண்டாம் என்று தடுத்தவர்கள் பலர். குடும்பத்தைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு ரெயில் ஏறினார்.

காலியா வந்தது!

பாலகங்காதர திலகரும் வடநாட்டு நண்பர்களும் உதவினார்கள். "காலியா" வாங்கப்பட்டது.

வேதமூர்த்தி என்பவர் பிரான்சு தேசத்துக்குப் போய் "லாவோ" என்ற மற்றொரு கப்பலை வாங்கினார்.

1907-ம் ஆண்டு மே மாதம் "காலியா" தூத்துக்குடிக்கு வந்தது. "லாவோ"வும் வந்து சேர்ந்தது.

முதல் வகுப்பில் 42 பேர். இரண்டாம் வகுப்பில் 24 பேர். சாதாரண வகுப்பில் 1,300 பேர். இவர்களோடு 4 ஆயிரம் மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். இது ஒரு கப்பலின் அளவு.

துறைமுகத்தில் ஆனந்தக் கூத்து. தூரத்தில் தெரிந்த புகைபோக்கியைக் காட்டி, அது நம்முடைய கப்பல் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது.

மொழி வேறு, மாகாணம் வேறு என்று பாராமல் நாடெங்கும் பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

எட்டணாவும் இலவசக் குடையும்

போட்டி ஆரம்பித்தது.

கொழும்புக்குப் போகக் கட்டணம் ஒரு ரூபாய் என்று வெள்ளைக்காரக் கம்பெனி குறைத்தது.

சுதேசிக் கம்பெனி எட்டணா என்று அறிவித்தது.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணமே வேண்டாம் என்றது. ஓசியில் ஏறலாம். ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம்!

தோட்டக் கூலிகளுக்கு ஒரு குடை பெரிய சொத்து. மலைநாட்டு மழையில் அது உயிரைக் காக்கும். இருந்தும் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறியவர்கள் இருந்தார்கள். சரக்கும் சுதேசிக் கப்பலுக்கே வந்தது. தூத்துக்குடி வியாபாரிகள் வெள்ளைக்காரனின் சலுகையை உதறினார்கள்.

வ.உ.சி.யையே விலைக்கு வாங்கப் பார்த்தார்கள் என்றும், லட்ச ரூபாய் தருவதாக ஆசை காட்டினார்கள் என்றும், அவர் சீறி விழுந்து மறுத்தார் என்றும் சொல்வார்கள்.

பணத்தை வைத்து ஜெயிக்க முடியவில்லை. இனி என்ன வழி?

கப்பலைத் தொட வேண்டாம். கப்பலைக் கொண்டுவந்த மனிதனைத் தொட்டால் போதும்.

சந்தர்ப்பமும் விரைவில் வந்தது.

ஆலையில் வேலை நிறுத்தம்

கோரல் ஆலையில் தொழிலாளர் நிலை பரிதாபமாக இருந்தது. விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புவார்கள். சிறு பிள்ளைகளும் வேலை செய்தார்கள். கூலி குறைவு. வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது.

வ.உ.சி.யுடன் அப்போது ஒரு இளைஞர் சேர்ந்திருந்தார். சுப்பிரமணிய சிவா. பேச்சில் நெருப்பைக் கக்குபவர்.

இருவரும் மாலைதோறும் கடற்கரைக் கூட்டங்களில் பேசினார்கள்.

1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி ஆலைத் தொழிலாளர் வேலைக்குப் போக மறுத்தனர். தமிழ்நாட்டின் ஆரம்ப கால வேலை நிறுத்தங்களில் இது முக்கியமானது.

வேலை இல்லாமல் தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரியுமா? வ.உ.சி. பணம் திரட்டினார். அரிசிக்கு ஏற்பாடு செய்தார். பலருக்கு வேறு வேலை தேடிக் கொடுத்தார். தூத்துக்குடி மக்கள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஊரில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அச்சம் பிடித்தது.

ஒன்பது நாள் கழித்து ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு கிடைத்தது. வார ஓய்வும் கிடைத்தது.

ஹார்வி கம்பெனியாருக்கு இது இரண்டாவது அடி. முதல் அடி கடலில். இரண்டாவது அடி கரையில். அடித்தவர் ஒரே மனிதர்!

கைது

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலை ஆகும் நாள் 1908 மார்ச் 9. அதைக் கொண்டாட வ.உ.சி. ஏற்பாடு செய்தார். ஊர்வலமும் கூட்டமும் கூடாது என்றார்கள் அதிகாரிகள். தடையை மீறிக் கொண்டாட்டம் நடந்தது.

திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்சு, வ.உ.சி.யை அழைத்தார். அரசியலில் ஈடுபடுவதில்லை என்று உறுதி கொடுத்து, மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றார். வ.உ.சி. மறுத்தார்.

மார்ச் 12-ந் தேதி வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது செய்யப்பட்டார்கள்.

மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. கடைகள் மூடின. மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்தனர். நகரசபை அலுவலகமும் தபால் ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கில் பிடித்த தீ அணைய நாளாயிற்று.

போலீசார் சுட்டனர். நான்கு பேர் உயிர் இழந்தார்கள்.

தூத்துக்குடியிலும் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். இந்த முறை அவர்கள் கூலிக்காக நிறுத்தவில்லை. தங்களுக்குச் சோறு போட்ட மனிதருக்காக நிறுத்தினார்கள். அரசியல் தலைவர் ஒருவர் கைதானதற்காகத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்வது அந்தக் காலத்தில் கேள்விப்படாத சங்கதி.

நாற்பது ஆண்டு!

ராஜத்துரோகம் என்று வழக்கு. சிவாவுக்கு இடம் கொடுத்து உதவினார் என்று இன்னொரு குற்றச்சாட்டு.

கப்பல் ஓட்டியது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே பேச்சைக் குற்றம் ஆக்கினார்கள்.

செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 1908-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி தீர்ப்பு அளித்தார்.

ராஜத்துரோகத்துக்கு ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு ஆயுள் தண்டனை. ஒன்று முடிந்த பின் மற்றொன்று. ஆக நாற்பது ஆண்டு நாடு கடத்தல்! சிவாவுக்குப் பத்து ஆண்டு.

வ.உ.சி.க்கு அப்போது வயது 35. தண்டனை முடிந்து திரும்பினால் 75.

தீர்ப்பைக் கேட்ட அவர் தம்பிக்குச் சித்தம் கலங்கிற்று. கடைசி வரை தெளியவே இல்லை.

தண்டனை கொடுமையானது என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சென்னை ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். அங்கே தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. வ.உ.சி.யை அந்தமானுக்கு அனுப்பவில்லை. கோவைச் சிறையில் அடைத்தார்கள்.

மாடு இழுக்கும் செக்கு

கோவைச் சிறையில் அவருக்குக் கிடைத்தது சாதாரணக் கைதியின் உடை. காலில் விலங்கு.

முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் வேலை. கைத்தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. பிறகு செக்கு இழுக்க வைத்தார்கள். மாடு சுற்ற வேண்டிய செக்கைச் சுட்டெரிக்கும் வெயிலில் இந்த மனிதர் சுற்றினார்.

கொழும்புக்குக் கப்பல் விட்டவர் ஒரு மரச் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அப்போதும் அவர் பேனாவை விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழாக்கினார். "மனம்போல வாழ்வு" என்ற பெயரில் அது 1909-ல் வெளிவந்தது. மற்றக் கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். சிறைக்குள்ளும் அவர் வக்கீலாகவே இருந்தார்.

1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள்.

கப்பல் போன இடம்

இதற்கிடையில் தூத்துக்குடியில் நடந்தது என்ன?

மாலுமி இல்லாத மரக்கலம் போல் ஆயிற்று கம்பெனி. முன்னின்று நடத்த ஆள் இல்லை. சர்க்காரின் பகையைத் தாங்கப் பங்குதாரர்களுக்குத் தைரியம் இல்லை. அவர்களில் பலர் வியாபாரிகள். அரசியல் வேண்டாம் என்று முன்பே எண்ணியவர்களும் உண்டு. கலகத்துக்குப் பின் போலீஸ் கெடுபிடி கடுமையாயிற்று. சுதேசிக் கப்பலில் சரக்கு ஏற்றினால் அதிகாரிகளின் கண்ணில் படுவோமே என்ற பயம் பரவிற்று.

போட்டிக் கம்பெனிக்குக் கையில் காசு இருந்தது. நஷ்டத்தைப் பல ஆண்டு தாங்க முடியும். சுதேசிக் கம்பெனியால் முடியவில்லை.

1911-ல் சுதேசிக் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பலை விற்றார்கள்.

வாங்கியது யார்?

எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கடலில் ஓடியதோ, அந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் கைக்கே கப்பல் போயிற்று!

கப்பல் காணாமல் போன மர்மம் இவ்வளவுதான். கடலில் அந்தக் கப்பலை யாரும் பிடிக்கவில்லை. கரையில் பேரம் பேசி, கையெழுத்துப் போட்டு, ரூபாயை எண்ணிக் கொடுத்து வாங்கிப் போனார்கள்.

செய்தி சிறைக்குள் இருந்த வ.உ.சி.க்குத் தெரிந்தது. செக்கும் விலங்கும் கொடுத்த வேதனையை விட இந்த வேதனை பெரிது. நம்மவர்களே விற்றார்களே என்ற துக்கம் அவர் மனதை விட்டு நீங்கவில்லை.

அதே 1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வாஞ்சிநாதன். தம்மையும் சுட்டுக்கொண்டு அங்கேயே மாண்டார். 1908-ல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து சுதேசி இயக்கத்தை அடக்கியவர் ஆஷ் என்ற கோபம் இளைஞர்களிடம் கனன்றுகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது

1912-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி கண்ணனூர்ச் சிறைக் கதவு திறந்தது.

வ.உ.சி. வெளியே வந்தார். உடம்பு இளைத்திருந்தது. நாலரை ஆண்டுக்கு முன் அவருக்காக ஒரு ஜில்லாவே கொதித்தது. இப்போது வரவேற்கப் பெரும் கூட்டம் இல்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வந்திருந்தார்கள்.

அவரிடம் என்ன மிஞ்சியிருந்தது?

கம்பெனி இல்லை. கப்பல் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிற்று. சொத்து வழக்கிலே கரைந்தது. பிறந்த ஜில்லாவிலும் குடியிருக்க வழி இல்லை.

மனைவி மக்களோடு சென்னையில் குடியேறினார். அரிசிக் கடை வைத்தார். மண்ணெண்ணெய் விற்றார். எதுவும் ஓடவில்லை. கேட்டவருக்கு எல்லாம் கொடுத்துப் பழகிய கை. லாபம் பார்க்கத் தெரியவில்லை.

ஆயிரம் ஆயிரமாகப் பங்கு திரட்டியவர் வீட்டில் அரிசிப் பானை காலியாக இருந்த நாட்கள் உண்டு.

347 ரூபாய் 12 அணா

கடல் கடந்த தமிழர்கள் அவரை மறக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டங்களிலும் கடைகளிலும் உழைத்த இந்தியர்கள் வ.உ.சி.க்கு என்று பணம் சேர்த்தார்கள். காந்தியடிகள் மூலம் அனுப்பினார்கள். காந்தியடிகள் 1915-ல் இந்தியா திரும்பினார். கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு என்ற விவரம் கைவசம் இல்லை. கணக்கைத் தேட வேண்டியிருந்தது. இருவருக்கும் இடையே பல மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது.

கேட்கக் கூச்சம். கேட்காமல் இருக்கவும் முடியாத வறுமை.

1916-ன் தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா.

சேர்த்துக் கொடுத்தவர்களும் கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள். வ.உ.சி. கப்பல் விட்டதும் அப்படிப் பிழைக்கப் போனவர்கள் வழியில்தான்.

வாலேஸ்வரன்

சன்னது போன வக்கீல் மறுபடியும் கோர்ட்டில் ஏற முடிந்தது. அதற்கு உதவியவர் ஒரு வெள்ளைக்காரர்.

அவர் பெயர் வாலஸ். 1908-ல் திருநெல்வேலியில் மாஜிஸ்திரேட்டாக இருந்து வ.உ.சி.யின் வழக்கை விசாரணைக்கு அனுப்பியவர் அவரே. பிற்பாடு சென்னை ஐகோர்ட் நீதிபதி ஆனார். வ.உ.சி.யின் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார்.

அந்த நன்றிக்கு வ.உ.சி. தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துச் செக்கு இழுத்தவர், ஒரு வெள்ளைக்காரரின் பெயரைத் தம் பிள்ளைக்கு இட்டார். ஆட்சியை எதிர்த்தாரே தவிர மனிதரை அவர் வெறுக்கவில்லை.

கோவில்பட்டியில் தொழில் செய்தார். பழைய வருமானம் திரும்பவில்லை.

அரசியலிலும் காலம் மாறிவிட்டது. 1920-ல் கல்கத்தாக் காங்கிரசில் ஒத்துழையாமைத் தீர்மானம் வந்தது. திலகரின் வழியில் வந்த வ.உ.சி.க்கு அதில் உடன்பாடு இல்லை. காங்கிரசை விட்டு விலகினார்.

தமிழ் அவரைக் கைவிடவில்லை. "மெய்யறிவு", "மெய்யறம்" என்ற நூல்களை எழுதினார். வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளாகவே பாடினார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் பதிப்பித்தார். கையில் காசு இல்லாத காலத்திலும் ஏட்டுச் சுவடிகளோடு உட்கார்ந்திருந்தார்.

மீண்டும் தூத்துக்குடி

1932-ல் வ.உ.சி. தூத்துக்குடிக்கே திரும்பினார்.

துறைமுகம் இருந்தது. தோணிகள் இருந்தன. ஆழ்கடலில் வெள்ளைக்காரக் கப்பல்கள் நின்றன. வழக்கம்போல் தமிழன் மூட்டை சுமந்துகொண்டிருந்தான்.

வயது அறுபது. உடம்பில் நோய். குடும்பத்தில் கஷ்டம். சாவதற்கு முன் உயில் எழுதினார். வழக்கமாக உயிலில் சொத்துக்குப் பட்டியல் இருக்கும். வ.உ.சி.யின் உயிலில் கடனுக்குப் பட்டியல் இருந்தது. எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று குறித்து வைத்தார். செத்த பிறகும் ஒருவர் காசு தம்மிடம் நிற்கக் கூடாது என்பது அவர் கவலை.

1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 64.

சுதந்திரம் வர இன்னும் பதினோரு ஆண்டு இருந்தது.

இன்று

1944-ல் ம.பொ.சிவஞானம் எழுதிய நூல் "கப்பலோட்டிய தமிழன்" என்ற பெயரை வீடுதோறும் கொண்டுசென்றது. 1961-ல் அதே பெயரில் படம் வந்தது. சிவாஜி கணேசன் வ.உ.சி.யாக நடித்தார். படம் பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். 1972-ல் நூற்றாண்டு விழாவுக்குத் தபால் தலை வெளியிட்டார்கள்.

கப்பல் கரைக்கே வர முடியாத தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் கட்டப்பட்டது. 2011-ல் அந்தத் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அங்கிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. நவம்பரில் நின்றுபோயிற்று. கப்பல் விடுவதைவிட அதை நிற்காமல் ஓட்டுவதே கஷ்டம் என்பது மறுபடியும் தெரிந்தது.

வ.உ.சி. தோற்றாரா?

கட்டணப் போட்டியில் அவர் தோற்கவில்லை. லட்ச ரூபாய்க்கு விலை போகவில்லை. செக்கடியில் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஜெயிலில் இருந்தபோது அந்தக் கப்பலைத் தாங்கிப் பிடிக்க வெளியே ஆள் இல்லை. அதனால்தான் கப்பல் போயிற்று.

துறைமுகத்தின் வாசலில் இப்போது அவர் பெயர் இருக்கிறது. உலகத்தின் பல தேசத்துக் கப்பல்கள் அந்தப் பெயரைத் தாண்டித்தான் உள்ளே வருகின்றன.